மண்பாண்டத்தில் இட்ட உறுதி: எரேமியாவின் மடலும் புலம்பெயர் தமிழரின் வாக்குத்தத்த வாசிப்பும்

ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு ஆராதனை முடியும் வேளையில், புலம்பெயர்ந்த தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் ஒரு தட்டு வரிசை வரிசையாகக் கைமாறும். தட்டில் சிறு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கையில் கிடைப்பது அவரவர்க்குப் புத்தாண்டுக்குரிய ‘வாக்குத்தத்தம்’. ரொறன்ரோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கண்டுவரும் காட்சி இது. அவ்வட்டைகளில் அடிக்கடி தலைகாட்டும் வசனம் எரேமியா 29:11. தம் மக்களைக் குறித்துத் தாம் கொண்டுள்ள எண்ணங்கள் தீங்குக்குரியவை அல்ல, நலத்துக்குரியவையே என்று கடவுள் உரைப்பதாக அமைந்தது அது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகத் தவித்தவரும், மருத்துவ அறிக்கைக்குக் காத்திருந்தவரும், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டியவரும் அதனைத் தமக்கென்றே அனுப்பப்பட்ட செய்தியாகப் பெற்றுக்கொண்டதை நான் அறிவேன்.

கடவுள் சொன்ன சொல் தவறாதவர் என்பது கிறித்தவ நம்பிக்கையின் நடுத்தூண். அத்தூணை நிறுவுவதும் அசைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. நான் இறையியலாளன் அல்லன். மொழிபெயர்ப்பிலக்கியம் கற்பித்துக் காலம் கழித்தவன். என் வினா சிறியது. சொல் தவறாமை என்பதை அந்த மடல் எப்பொருளில் பேசுகிறது? அட்டையில் ஏறியபோது மடலின் எப்பகுதி உதிர்ந்தது? அந்த உதிர்வுக்குத் தமிழ்ச் சொற்களும் ஓரளவு துணைநின்றனவா?

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து முதற்கட்டமாக நாடு கடத்திச் சென்றவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது அது. அரசன் எகொனியா, அவன் தாய், அரண்மனை அலுவலர், தச்சர், கொல்லர் ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். கைத்தொழில் வல்லாரைத் தேர்ந்து கொண்டுசென்ற பேரரசின் கணக்கு அது. அவர்களுக்கு எரேமியா எழுதுவது: வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், அதன் கனியை உண்ணுங்கள், மணம் முடியுங்கள், உங்கள் மைந்தர்க்கும் மணம் முடித்து வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்நகரின் நலத்தைத் தேடி அதற்காக மன்றாடுங்கள். எழுபது ஆண்டு நிறைந்த பின்னரே உங்களைத் திருப்பி அழைத்துவருவேன். இதற்கு அடுத்து வருவதுதான் அட்டையில் நாம் காணும் வசனம். அதன் காலடியில் எழுபது ஆண்டு கிடக்கிறது. அட்டையை அச்சிடுவோர் அந்த எண்ணுக்கு மேலே கத்தரித்துவிடுகின்றனர்.

இந்த மடல் எதற்கு விடையாக எழுதப்பட்டது என்பதை அறிய 28ஆம் அதிகாரத்துக்குச் செல்ல வேண்டும். தமிழ்ப் பிரசங்க மேடைகளில் இவ்வதிகாரம் அரிதாகவே ஒலிக்கிறது. சிதேக்கியா அரசனின் நான்காம் ஆண்டு ஐந்தாம் மாதம், ஆலயத்தில், குருக்களும் மக்களும் பார்த்திருக்க, கிபியோன் ஊரினரான அனனியா எழுந்து கடவுளின் பெயரால் ஓர் அறிவிப்புச் செய்கிறார்: பாபிலோன் மன்னனின் நுகம் முறிந்தது, இரண்டே ஆண்டுகளில் ஆலயப் பாத்திரங்களும் அரசனும் நாடு கடத்தப்பட்டோர் அனைவரும் திரும்பி வருவர். எரேமியாவோ அப்போது கழுத்தில் மரநுகம் பூண்டு நடமாடிக்கொண்டிருந்தவர். பாபிலோனுக்குப் பணிந்திருப்பதே வாழும் வழி என்பதற்கு அடையாளமாக அதனைச் சுமந்தவர். அனனியா அந்நுகத்தைக் கழற்றி உடைக்கிறார்.

இவ்விடத்தில் எபிரேய மூலத்தின் ஒரு நுட்பத்தைச் சுட்ட வேண்டும். மூலம் அனனியாவையும் எரேமியாவையும் ஒரே பட்டத்தால், ‘இறைவாக்கினர்’ என்றே, திரும்பத் திரும்பக் குறிக்கிறது. எவர் மெய்யர், எவர் பொய்யர் என்பதைக் கதைசொல்லி முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை. பிற்காலத்துக் கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு இது பொறுக்கவில்லை. அவர் தொடக்கத்திலேயே அனனியாவைப் ‘பொய் இறைவாக்கினர்’ என்று எழுதிவிட்டார். வாசகனுக்கு உதவுவதாக எண்ணி அவர் செய்த இத்திருத்தம் அதிகாரத்தின் உயிரையே குறைத்துவிட்டது. ஆலய முற்றத்தில் நின்ற மக்களுக்கு அப்படி எவரும் நெற்றியில் எழுதி ஒட்டிக் காட்டவில்லையே! இருவரும் ஒரே கடவுளின் பெயரால் பேசினர். இருவர் பேச்சுக்கும் ஒரே முன்மொழி வாய்பாடு. தமிழில் ‘அவன்’, ‘அவர்’ என்ற விகுதித் தேர்வு கிரேக்கர் செய்த அதே தவறுக்கு நம்மை இழுக்கக்கூடியது. எனவே இங்கு இருவரையும் ‘அர்’ விகுதியாலேயே குறிக்கிறேன்.

எரேமியா உடனே மறுக்கவில்லை என்பதுதான் வியப்பு. ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்ற கருத்துப்படவே அவர் வாய் திறக்கிறார். அதில் எள்ளல் இருக்கலாம். ஆயினும் அதனை உண்மையான ஆசையாகவே நான் வாசிக்கிறேன். தம் மக்கள் இரண்டு ஆண்டில் திரும்பிவருவதை அவர் ஏன் விரும்பமாட்டார்? பின்பு, சமாதானத்தை முன்னுரைக்கும் வாக்கினரின் மெய்ம்மை அச்சொல் நிறைவேறும்போதே தெரியவரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, நுகம் உடைந்த நிலையில், தம் வழியே போய்விடுகிறார். மறுமொழி அப்போது அவரிடம் இல்லை. அது பின்னரே வருகிறது: மரநுகத்தை முறித்தாய், இனி இரும்பு நுகம். அவ்வாண்டு ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோகிறார். இரண்டு ஆண்டு என்று சொன்னவருக்கு வாய்த்தவை இரண்டு மாதங்கள்.

அனனியாவைத் தீயவராக மூலம் தீட்டவில்லை. அவர் மக்கள் கேட்க விரும்பியதைக் கேட்க விரும்பிய கால அளவில் சொன்னார். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வந்து இறங்கிய என் தலைமுறையினருக்கு அந்தக் கால அளவு நன்கு பழக்கமானது. ‘அடுத்த வருசம் ஊரில்’ என்று சொல்லிப் பெட்டிகளைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எம்மில் எவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு என்ற எண்ணை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

எழுபது என்ற எண்ணைப் பற்றியும் சிறிது விரித்துரைக்க வேண்டும். மனித ஆயுளுக்கு விவிலியம் கூறும் அளவு எழுபது. எனவே மடலைக் கையில் வாங்கிய முதியவர் எவரும் திரும்பப்போவதில்லை என்பது எண்ணிலேயே அடங்கிய செய்தி. மைந்தர்க்கும் மணம் முடித்து வையுங்கள் என்ற ஏவலும் மூன்று தலைமுறையைக் கணக்கிட்டே எழுந்தது. ஒப்பீட்டுக்கு ஒரு மெசொப்பொத்தேமியச் சான்று உண்டு. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் எசர்ஆதோனின் கல்வெட்டு ஒன்று, பாபிலோன் பாழாய்க் கிடக்க வேண்டிய காலத்தை அதன் தெய்வமான மர்துக் எழுபது ஆண்டு என்று எழுதியதாகவும், பின் இரங்கி அவ்வெண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பதினோராம் ஆண்டிலேயே நகரை எழுப்பப் பணித்ததாகவும் கூறுகிறது. ஆப்பெழுத்தில் எழுபதைத் திருப்பிப் போட்டால் பதினொன்றாகும். அழகான அரசவைத் தந்திரம்! எரேமியாவின் கடவுள் அந்த எண்ணைத் திருப்பிப் போடவில்லை. அவருடைய சொல் தவறாமை காலத்தைக் குறைத்துக் காட்டும் வள்ளன்மையாக இல்லாமல், காலத்தை உள்ளபடி சொல்லும் நேர்மையாக இங்கு வெளிப்படுகிறது என்பது என் வாசிப்பு.

கணக்கு அச்சொட்டாக நிறைவேறியதா என்ற வினா எழும். பாபிலோன் வீழ்ந்தது கி.மு. 539இல். 597இலிருந்து எண்ணினால் 58 ஆண்டு. பாபிலோனியர் மேலெழுந்த 605இலிருந்து எண்ணினால் 66. ஆலயம் இடிபட்ட 586இலிருந்து, அது மீண்டும் கட்டிமுடிக்கப்பட்ட 515 வரை எண்ணினால் எழுபதை ஒட்டி வரும். விவிலியத்துக்குள்ளேயே இவ்வெண் பலவாறு வாசிக்கப்பட்டுள்ளது. குறிப்பேட்டாசிரியர் அதனை நிலம் இழந்த ஓய்வாண்டுகளோடு இணைக்கிறார். தானியேல் நூல் அதனை எழுபது வாரங்களாகப் பெருக்குகிறது. நிறைவேறிய பின்னும் தீராத சொல்லாக அது அவர்களுக்கு இருந்திருக்கிறது.

மடலுக்குக் கிடைத்த வரவேற்பும் குறிப்பிடத்தக்கது. பாபிலோனில் இருந்த செமாயா என்பவர், இப்படி எழுதிய எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று எருசலேமுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். நமக்குத் தேறுதல் அட்டையாக இருப்பது அவர்களுக்குச் சினமூட்டிய கடிதம். நீண்டகாலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்ற சொல்லை நாடிழந்தோர் துரோகமாகக் கேட்பது இயல்பு. அடேல் பெர்லின் என்னும் விவிலிய இலக்கிய ஆய்வாளர் சுட்டிய ஒரு பொருத்தம் இங்கு உதவும். வீடு கட்டியவன், திராட்சைத் தோட்டம் இட்டவன், பெண்ணை நிச்சயித்தவன் ஆகிய மூவரும் போருக்குச் செல்ல வேண்டியதில்லை என்று உபாகமம் 20ஆம் அதிகாரம் விலக்களிக்கிறது. மடலின் மூன்று ஏவல்களும் அவையே. எரேமியா சொல்லாமல் சொல்வது, இது போருக்குரிய காலம் அன்று என்பதாகும். செமாயா அதனைச் சரியாகவே விளங்கிக்கொண்டார்.

இனித் தமிழுக்கு வருகிறேன். எபிரேயத்தில் ‘வாக்குறுதி’ என்பதற்கெனத் தனிச்சொல் இல்லை. ‘சொல்’ என்பதே அப்பணியையும் செய்கிறது. மடலிலும் கடவுள் நிலைநிறுத்துவதாகக் கூறுவது தம் ‘நல்ல சொல்’லைத்தான். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில்தான் தனிச்சொல் வருகிறது. சீர்திருத்தச் சபையாரின் ஐக்கியத் திருப்புதல் அதற்கு ‘வாக்குத்தத்தம்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘வாக்குறுதி’ என்றும் தருகின்றன. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. தாரை வார்த்துக் கொடுத்தலோடு தொடர்புடைய சொல். அது கொடையின் முடிந்த தன்மையை அழுத்துகிறது: கொடுத்தாயிற்று, கையில் வாங்கியாயிற்று. தட்டிலிருந்து அட்டையை எடுக்கும் செயலுக்கு இச்சொல் எவ்வளவு இசைவாக அமைந்துவிட்டது! சொல்லப்பட்டதற்கும் நிறைவேறுவதற்கும் இடையிலுள்ள நெடிய வெளி அச்சொல்லில் தென்படுவதில்லை.

29:11இன் இறுதிச் சொற்களில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஐக்கியத் திருப்புதல் மக்கள் ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்று கூறும். 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருப்புதலின் தடம் அதில் தெரிகிறது. திருவிவிலியம் ‘வளமான எதிர்காலம்’, ‘நம்பிக்கை’ என்று பிரித்துக் கூறும். முதலாவது, வாசகனின் எதிர்பார்ப்பையே கடவுள் சொல்லின் அளவுகோலாக்கிவிடுகிறது. நான் எதிர்பார்த்தது எனக்குக் கிடைக்கும் என்று அவன் படிப்பான். இரண்டாவதில் மூலத்தில் இல்லாத வளம் அடைமொழியாக ஒட்டிக்கொண்டுள்ளது. மூலத்தின் ‘அகரித்’ என்ற சொல், பின்னால் இருப்பது என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. எபிரேயர்க்குக் கடந்தகாலம் கண்ணுக்கு முன்னும், வருங்காலம் முதுகுக்குப் பின்னும் இருந்தன. தமிழும் அவ்வாறே ‘முன்னோர்’, ‘முன்னொரு காலம்’ என்றும், ‘பின்னாள்’, ‘பிற்காலம்’ என்றும் வழங்குகிறது. ‘எதிர்காலம்’ எதிரே வருவது, நாம் பார்த்து நிற்பது. ‘பிற்காலம்’ நமக்குத் தெரியாமல் பின்னே இருப்பது. ‘பிற்காலமும் நம்பிக்கையும்’ என்று பெயர்த்திருப்பின் மூலத்துக்கு மிக அணுக்கமாயிருந்திருக்கும் என்பது என் துணிபு. ‘அகரித்’ என்பதற்கு வழித்தோன்றல் என்ற பொருளும் உண்டு. ‘பின்னோர்’ என்ற தமிழ்ச் சொல் அதற்கும் இடந்தரும்.

மற்றொன்று, ‘உங்களுக்கு’ என்ற பன்மை. எபிரேயத்தில் அது ஐயத்துக்கு இடமற்ற பன்மை. நாடு கடத்தப்பட்ட சமூகம் முழுவதையும் விளிப்பது. தமிழ் வேதத்தில் கடவுள் ஒருவரை விளிக்கும்போது ‘நீ’ என்றே பேசுவார். ஆகவே நூலுக்குள் இருக்கும்வரை ‘உங்கள்’ என்பது பன்மையாகவே கேட்கும். அதே வசனம் அட்டைக்கு இடம்பெயர்ந்ததும் மரியாதை ஒருமையின் சாயல் அதன்மேல் படிகிறது. பெரியவர் ஒருவர் நம்மைத் ‘தம்பி, உங்களுக்கு’ என்று விளிப்பதுபோல, எழுபது ஆண்டுக்கு ஒரு மக்களினத்துக்குச் சொன்னது ஓராண்டுக்கு ஒருவருக்குச் சொன்னதாகிவிடுகிறது.

இவ்வழக்கத்தை ஏளனம் செய்வது எளிது, அது நியாயமன்று. இதன் வேர் ஆழமானது. 1718இல் போகாட்ஸ்கி வெளியிட்ட வசனக் கருவூலமும், 1731 முதல் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி அச்சிட்டுவரும் நாள்வசனத் தொகுப்பும் ஜெர்மானியப் பக்தியியக்கத்தின் பேறுகள். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு கொண்டுவந்த கிறித்தவமும் அதே ஹாலே மரபினதே. நாள்தோறும் ஒரு சொல்லோடு எழுவது வறியவர்க்கும் நோயுற்றோர்க்கும் எத்தகைய ஊன்றுகோல் என்பதை மருத்துவமனைக் கட்டிலருகே இருந்தவர்கள் அறிவர். என் குறை, வசனத்தைத் தனித்தெடுப்பதைப் பற்றியது அன்று. எழுபதை வெட்டிவிட்டு எடுப்பதைப் பற்றியது. அவ்வாறு எடுத்தபின், அனனியாவின் வாக்கை எரேமியாவின் கையெழுத்தில் நாம் வாசிக்கிறோம்.

மடலைப் பெற்றவர்கள் என்ன ஆயினர்? 2014இல் லோரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் ஆகிய இருவரும் பதிப்பித்த ஆப்பெழுத்து ஆவணங்கள், பாபிலோனிய நாட்டுப்புறத்தில் ‘அல்-யாகூடு’, அதாவது யூதாவூர், என்ற குடியிருப்பை நமக்கு அறிமுகம் செய்கின்றன. அவற்றுள் பழையது கி.மு. 572ஐயும், பிந்தியது 477ஐயும் சேர்ந்தது. அவற்றில் வாற்கோதைக் கடன், பேரீச்சை விளைச்சல், குத்தகை, வரி ஆகியவையே பேசப்படுகின்றன. புலம்பலோ மன்றாட்டோ இல்லை. தந்தை, மகன், பேரன் என்று கடவுளின் பெயர்க்கூறு தாங்கிய பெயர்கள் தொடர்கின்றன. தோட்டம் இட்டனர், கனியை உண்டனர், பெயரை மறக்கவில்லை. திரும்பிச் செல்லும் ஆணை வந்த பின்னும் பலர் அங்கேயே இருந்தனர் என்பதற்கு 477 என்ற ஆண்டே சான்று. ரொறன்ரோவில் ஊர்ச்சங்கங்களின் கணக்கேடுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் களிமண் ஏடுகள் நினைவுக்கு வருவதுண்டு.

புதிய ஏற்பாடும் இவ்விடைவெளியை அறிந்தே பேசுகிறது. கடவுளின் வாக்குகள் எல்லாம் கிறிஸ்துவில் ‘ஆம்’ என்றாகின்றன எனப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதினார். எபிரேயர் திருமுகமோ, முன்னோர் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே, தொலைவிலிருந்து கண்டு வணங்கியவாறே இறந்தனர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. இவ்விரண்டில் முதலாவது மட்டுமே நம் மேடைகளில் முழங்குகிறது.

மேலே ‘ஆமென்’ என்ற சொல்லைத் தொட்டேன். அதன் வேரே கடவுளின் வாக்குத் தவறாமையைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுக்கும் வேர். அதன் அடிப்பொருள் உறுதி, அசையாமை. 31ஆம் சங்கீதத்தில் அவ்வேர்ச்சொல் ஒன்றால் கடவுள் விளிக்கப்படும் இடத்தில் ஐக்கியத் திருப்புதல் ‘சத்தியபரன்’ என்றும், திருவிவிலியம் ‘வாக்குப் பிறழாத’ என்றும் பெயர்க்கின்றன. முன்னது மெய்ப்பொருளின் இயல்பைப் பேசுகிறது. பின்னது ஒருவர் மற்றவர்க்குக் கொடுத்த சொல்லில் நிற்பதைப் பேசுகிறது. பின்னதே சங்கீதத்தின் உள்ளத்துக்கு நெருக்கமானது. அதிலும் ‘வாக்குறுதி’ என்ற சொல்லில் உள்ள ‘உறுதி’ யாழ்ப்பாணத்தவரின் செவியில் ஒரு தனி ஒலி உடையது. தமிழகத்தார் பத்திரம் என்பதை நாங்கள் உறுதி என்போம்: காணி உறுதி, சீதன உறுதி, அறுதி உறுதி.

எரேமியா 32ஆம் அதிகாரம் ஓர் உறுதியைப் பற்றியது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல்முற்றத்தில் கைதி. அவருடைய சிற்றப்பன் மகன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். பகைவர் கையில் விழப்போகும் மண்ணுக்கு எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. நெடுநாள் கெடாதிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் ஒப்படைக்கிறார். ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தை ஒத்த இந்த நுணுக்கம் இறைவாக்கு நூல்களில் வேறெங்கும் இல்லை. இவையெல்லாம் முடிந்த பின்னரே அவர் கடவுளிடம் கலங்கிக் கேட்கிறார்: நகரம் விழப்போகும்போது நிலம் வாங்கச் சொன்னது ஏன்? ஐயம் உறுதி எழுதிய பிறகு வருகிறது, பணமும் கொடுத்தாயிற்று. பின்னாளில் அவரை எகிப்துக்குக் கொண்டுசென்றுவிட்டனர். அந்நிலத்தில் அவர் பயிரிட்டதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது என் தாயார் எடுத்துவந்தவற்றுள் ஒரு தகரப்பெட்டியும் இருந்தது. கனடாவுக்கும் அது அவருடன் வந்தது. அவர் மறைந்தபின் அதனைத் திறந்தோம். உள்ளே, எண்ணெய்த் தாளில் சுற்றிய சீதன உறுதி. அதன் மடிப்புக்குள், ஆண்டு குறிக்கப்பட்ட வாக்குத்தத்த அட்டைகள் பத்தொன்பது. அவற்றுள் எரேமியா 29:11 நான்கு முறை வந்திருந்தது. ஒன்றின் பின்புறத்தில், வசனத்துக்கு முந்திய வசனத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 1990இலிருந்து எழுபதைக் கூட்டிப் போட்டிருந்தார்: 2060. அவ்வாண்டில் என் பேத்திக்கு நாற்பத்தைந்து வயதாகும். உறுதியை அவள் பெயருக்கு மாற்றுவதற்கான பத்திரங்களைச் சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் கொடுத்திருக்கிறேன். காணிக்குள் இன்னும் செல்ல முடியவில்லை.